எச்சரிக்கை விளக்கும் ஒரு ஸ்டிக்கர் பொட்டும்

மலர்க்குழுவைச் சேர்ந்த தம்பி தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணே, இந்த வருஷ மலருக்கு நீங்க ஒரு வரலாற்றுக் கட்டுரை தரணும்" என்று கேட்டபோது சிரித்துவிட்டேன். நம் கல்லூரியில் வரலாற்றுத் துறைப் பக்கம் நான் போனதெல்லாம் மாணவர் தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்கத்தான். படித்தது பி.எஸ்ஸி. இயற்பியல். பிறகு முப்பது வருடம் வாகன இன்சூரன்ஸ் சர்வேயர். அதாவது, நசுங்கிய வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து நஷ்டக் கணக்கு எழுதும் உத்தியோகம். மன்னர்களைப் பற்றி எழுத இம்மலரில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் உண்டு. அடியேன் ஒரு சின்ன மஞ்சள் விளக்கின் வரலாற்றை எழுதுகிறேன்.

புதுக் கார் வைத்திருப்பவர்கள் இந்த விளக்கைப் பார்த்திருப்பீர்கள். உருளிக்குள் ஒரு ஆச்சரியக்குறியை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். உண்மையில் அது டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்த தோற்றம். டயரில் காற்று குறைந்துவிட்டது என்று அர்த்தம். காற்று குறையாமலே எரிகிறது, பொய் சொல்கிறது என்பது இதன்மேல் எல்லோரும் வைக்கும் புகார். நானும் வைத்தவன்தான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2022 டிசம்பரில் நம் செட்டில் ஐந்து பேர் ஊட்டிக்குப் போனோம். கார் என் விடுதி அறைத்தோழனுடையது. வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கோவையிலிருந்து மதியம் கிளம்பி, மேட்டுப்பாளையத்தில் டீ குடித்து, பக்கத்து பங்க்கில் காற்றுப் பிடித்தோம். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் 33 என்று போட்டிருந்தது. நான்கு டயரிலும் 33 வைத்தாயிற்று. தொட்டால் டயர் நன்றாகச் சூடாக இருந்தது. அதை நான் கவனித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் விடியற்காலை ஊட்டியில் நல்ல குளிர், 8 டிகிரி. வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் போனதும் மஞ்சள் விளக்கு. திரையில் பார்த்தால் நான்கு டயரும் 26 என்று காட்டுகிறது. பதறிப்போய் பங்க்குக்கு ஓட்டினோம். பையன் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, "முப்பது இருக்குங்க சார். வண்டிதான் பொய் சொல்லுது" என்றான்.

"நீதானே பிசிக்ஸு? சொல்லுடா மாப்ளே, எது நிஜம்?" என்று நான்கு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் நம் ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு நிமிடம் வர வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஜாலி பல்பு என்று ஒரு பரிசோதனை. பேரைக் கேட்டே பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். கண்ணாடிக் குடுவையில் அடைபட்ட காற்றை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, பாதரச மட்டம் ஏறுவதைக் குறிக்க வேண்டும். சூட்டுக்கேற்ப அழுத்தம் ஏறும் என்பதை 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமொண்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டார்; நம் பாடப்புத்தகத்தில் புகழ் கே-லுசாக்குக்குப் போய்விட்டது. பரிசோதனை சுலபம். ஆனால் பாதிப் பேருக்கு விடை தப்பாகவே வரும். காரணம், மூலையில் தொங்கும் ஃபோர்ட்டின் பாரமானியை எட்டிப் பார்த்து, அன்றைய வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கூட்ட மறந்திருப்போம். "வெளியில இருக்கிற காத்து உன்னை என்னப்பா பண்ணுச்சு? அதை ஏன் விட்டே?" என்று சிவப்பு மையில் ரெக்கார்டைக் கிழிக்காத குறையாகக் கோடு போடுவார் நம் பேராசிரியர்.

பங்க் பில்லின் பின்பக்கத்தில் அதே கணக்கைப் போட்டேன். மேட்டுப்பாளையத்தில் கேஜ் காட்டியது 33. வெளிக்காற்று சுமார் 14. ஆக டயருக்குள் முழு அழுத்தம் 47. டயர்ச் சூடு 50 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கெல்வினில் 323. அது 8 டிகிரிக்கு, அதாவது 281-க்கு இறங்கும்போது 47 சுருங்கி 41 ஆகும். ஊட்டி கடல்மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிகம். அங்கே வெளிக்காற்று 11-தான். பையனின் கேஜ் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கும் கருவி. 41-ல் 11 போனால் 30. அவன் சொன்னது சரி. டயருக்குள் இருக்கும் சென்ஸாரோ முழு அழுத்தத்தை அளந்து அனுப்பும். அதிலிருந்து வெளிக்காற்றுக்கு எவ்வளவு கழிப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும். சில வண்டிகள் மலை உயரத்துக்கேற்பக் கழிக்கும். சில எங்கே போனாலும் கடல்மட்டக் கணக்கையே கழிக்கும். எங்கள் வண்டி இரண்டாவது ரகம் போலிருக்கிறது. 41-ல் 14.7 போனால் 26 சொச்சம். 33-ல் 20 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்று வைத்திருந்தால் எல்லை 26.4. எரிந்துவிட்டது!

கைதட்டல். "நாப்பது வருஷம் கழிச்சு இவன் டிகிரி உபயோகமாயிருச்சு" என்றான் ஒருவன். நானும் அந்த மயக்கத்தில், "இது ஃபால்ஸ் அலாரம்டா, விட்டுத் தள்ளு" என்று தீர்ப்புச் சொன்னேன்.

கணக்கை இன்னொரு தரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மலை உயரத்தால் வந்த பொய் மூன்றரைதான். 33 இருக்க வேண்டிய இடத்தில் 30 இருந்தது உண்மைக் குறைவு. சூடான டயரில் 33 வைத்தால் ஆறியபின் அது 30. கதவோரத் தாளில் போட்டிருப்பது குளிர்ந்த டயருக்கான எண். விளக்கு சொன்னதில் பாதி பொய், பாதி நிஜம். நான் பொய்யான பாதியை மட்டும் விளக்கிக் கைதட்டல் வாங்கிக்கொண்டேன். பையன் காற்றுப் பிடிக்கிறேன் என்றான். அதையும் வேண்டாம் என்றேன்.

ஓட்ட ஓட்ட டயர் சூடாகி, மதியம் விளக்கு தானாக அணைந்தது. மறுநாள் விடியலில் மறுபடி. மூன்றாம் நாள் காலை நண்பனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. பக்கத்து சீட்டின் வெயில் மறைப்புக் கண்ணாடியில் அவன் மனைவி ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, விளக்கின் மேல் ஒட்டிவிட்டான். கச்சிதமாகப் பொருந்தியது. எல்லோரும் சிரித்தோம். அன்று மதியம் குன்னூர் வழியாக இறங்கினோம்.

இறங்கும்போது வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. ரோடு சாய்வு என்றான் நண்பன். பர்லியாரில் பழம் வாங்க நிறுத்தினோம். எதிரே நின்ற லாரியின் கிளீனர், கையில் இருந்த கட்டையோடு தன் லாரி டயர்களைத் தட்டிக்கொண்டே வந்தவர், எங்கள் வண்டியருகே நின்றார். பின்னால் இடது டயரை ஒரு தட்டு. 'ணங்' என்று வர வேண்டிய சத்தம் 'சொத்' என்று வந்தது. "டயரு படுத்துருச்சுங்க. இதுலயா மலை எறங்கி வந்தீங்க?" என்றார். ஆணி. கேஜ் வைத்துப் பார்த்தால் 14.

அந்த விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் பொட்டு வேறு. ஒருமுறை எரிந்துவிட்ட விளக்கு இரண்டாவது சேதியை எப்படிச் சொல்லும்? திரையை நோண்டிப் பார்த்திருந்தால் 14 என்ற எண் தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. நான்தான் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே.

கிளீனர் உதவியோடு ஸ்டெப்னி மாட்டி மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தோம். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றியதும் உள்ளேயிருந்து கறுப்புப் பொடி கொட்டியது. எத்தனையோ விபத்து வண்டிகளில் இந்தப் பொடியைப் பார்த்து, 'காற்றுக் குறைவான நிலையில் ஓட்டப்பட்டுள்ளது' என்று அறிக்கை எழுதியவன் நான். பக்கச்சுவர் மடங்கி மடங்கி, தன்னைத்தானே அரைத்துக்கொண்ட ரப்பர் அது. "இன்னும் நாலு வளைவு எறங்கியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்த கடைக்காரர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த வண்டியில் ஐந்து குடும்பத்துத் தலைவர்கள் இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் இந்த விளக்கின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

காற்றடைத்த டயருக்கு 1845-லேயே ஸ்காட்லாந்துக்காரர் தாம்சன் காப்புரிமை வாங்கிவிட்டார். அது எடுபடவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்ததுதான் ஊரெல்லாம் பரவியது. 1890களின் தொடக்கத்தில் ஷ்ரேடர் வால்வு வந்தது. நாம் இன்றும் மூடியைத் திருகிக் காற்றுப் பிடிக்கிறோமே, அதேதான். அதன் பிறகு சுமார் நூறு வருடம், டயரில் காற்று இருக்கிறதா என்பதை அறிய கேஜ், கட்டை, கால் உதை, இவற்றைத் தவிர ஓட்டுநரிடம் வேறொன்றும் இல்லை.

1986-ல் போர்ஷே 959 என்ற காரில் முதன்முதலாக இந்தக் கண்காணிப்பு வந்தது. விலை நம் போன்றோர் பேசக்கூடத் தகுதியில்லாத விலை. 1997-ல் வந்த கார்வெட்டில், காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய டயர் போட்டார்கள். அப்படிப்பட்ட டயரில் பஞ்சர் ஆனதே ஓட்டுநருக்குத் தெரியாது. ஆகவே தகவல் சொல்ல ஒரு கருவி கட்டாயமாயிற்று. 2001-ல் விற்பனைக்கு வந்த ரெனோ லகுனா மூலம் ஐரோப்பிய நடுத்தரக் குடும்பங்களும் இதைக் கண்டன. அதுவரை இது சௌகரியம், சட்டம் அல்ல.

சட்டமாக்கியது ஒரு துயரம். 1990களில் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில், வேகத்தில் போகும்போது ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை பிரிந்து, வண்டி உருண்டு, பலர் இறந்தார்கள். இறந்தோர் எண்ணிக்கை கடைசியில் 270-ஐத் தாண்டியது. 2000 ஆகஸ்டில், அப்போது ஓட்டத்தில் இருந்த சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. கார்க் கம்பெனி டயர் மேல் பழி போட்டது. டயர்க் கம்பெனி கார் மேல் போட்டது. சண்டையில் ஒரு பகுதி காற்றளவு பற்றியது. காற்று குறைந்தால் டயர் மடங்கிச் சூடேறும், சூட்டில் பட்டை பிரியும். கார்க் கம்பெனி அந்த டயருக்குச் சொன்ன அளவு 26. டயர்க் கம்பெனி சொன்னது 30. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊட்டியில் எங்கள் வண்டி சொன்னதும் பங்க் பையன் சொன்னதும் இதே இரண்டு எண்கள். தற்செயல்தான். ஆனாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

2000 நவம்பர் 1 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், புதுக் கார்களில் காற்றுக் குறைவை அறிவிக்கும் கருவி வேண்டும் என்றது. எப்போது அறிவிக்க வேண்டும் என்று முடிவு செய்வதில்தான் அடிதடி. அக்காலத்தில் இரண்டு முறைகள் போட்டியில் இருந்தன. ஒன்று, எங்கள் வண்டியில் இருந்தது போல ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் பாட்டரியோடு ஒரு சென்ஸார் வைத்து ரேடியோ மூலம் செய்தி அனுப்புவது. மற்றொன்று, பிரேக்குக்காக ஏற்கெனவே சக்கரத்தில் இருக்கும் வேகமானியை வைத்தே கண்டுபிடிப்பது. காற்று குறைந்த சக்கரம் கொஞ்சம் சின்னதாகும். சின்னச் சக்கரம் அதிக முறை சுற்றும். நல்ல மூளை! செலவும் குறைவு. ஆனால் அந்தக் காலத்தில் இது ஒரு சக்கரத்தை மற்ற சக்கரங்களோடு ஒப்பிட்டுத்தான் பேசும். நான்கும் ஒன்றாக இறங்கினால் வாயே திறக்காது. வகுப்பில் எல்லோரும் பெயிலானால் யாரும் பெயில் இல்லை என்கிற கதை. டயர்கள் மாதாமாதம் ஒரே சீராகத்தானே இறங்குகின்றன?

2002-ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் போட்ட விதி, இரண்டில் எதையும் வைத்துக்கொள்ளலாம் என்றது. நான்கு டயரையும் பார்த்து 25 சதவீதக் குறைவில் எச்சரி, அல்லது ஒரே ஒரு டயர் 30 சதவீதம் குறைந்தால் எச்சரி. வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் மலிவான முறைக்கும் இடம் கொடு என்று நெருக்கியிருந்தது. நுகர்வோர் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2003 ஆகஸ்டில் நியூயார்க்கில் உள்ள இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. சட்டம் கேட்டது டயர்களின் குறைவை அறிவிக்கும் கருவி. ஒரு டயரை மட்டும் பார்ப்பது போதாது என்றது தீர்ப்பு. 2005 ஏப்ரலில் புது விதி வந்தது. ஒன்றோ நான்கோ, 25 சதவீதம் குறைந்தால் 20 நிமிடத்துக்குள் விளக்கு எரிய வேண்டும். 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம்.

25 என்ற எண்ணைப் பற்றி என் கருத்தைச் சொல்ல வேண்டும். 32 வைக்க வேண்டிய டயர் 24-க்கு இறங்கும் வரை விளக்கு சும்மா இருக்கலாம். குளிர்காலத்தில் பத்து டிகிரி இறங்கினாலே ஒன்றரை இரண்டு போய்விடும்; எல்லையை நெருக்கி வைத்தால் காலையில் எரிந்து மதியம் அணைந்து மக்களை வெறுப்பேற்றும். அதற்குப் பயந்து தளர்த்தினால் எரியும்போது காரியம் முற்றியிருக்கும். 2012 நவம்பரில் புது மாடல்களுக்கும், 2014 நவம்பரில் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாக்கிய ஐரோப்பா 20 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தது. என்னைக் கேட்டால் ஐரோப்பா பக்கம்தான் சாய்வேன். அதனால்தானே ஊட்டியில் எரிந்தது என்பீர்கள். எரிந்தது நல்லதுதான், பொட்டு ஒட்டியதுதான் தப்பு.

2005 விதியில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு வரி. கருவியே கெட்டுப்போனால் என்ன செய்வது? ஒரே விளக்கை இரண்டுக்கும் வைக்கும் வண்டிகளில், கருவிக் கோளாறு என்றால் வண்டியைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை மினுக்கி, பிறகு நிலையாக எரிய வேண்டும். காற்றுக் குறைவு என்றால் மினுக்காமல் எரியும். அதாவது 'என் உடம்பு சரியில்லை' என்பதற்கும் 'உன் டயர் சரியில்லை' என்பதற்கும் அந்த விளக்கு இரண்டு மொழி வைத்திருக்கிறது. மினுக்கலுக்குப் பெரும்பாலும் காரணம், சென்ஸாருக்குள் அடைத்து மூடிய பாட்டரி தீர்ந்துபோவது. ஐந்து முதல் பத்து வருடம் வரும். பஞ்சர் கடையில் லீவர் போட்டு நெம்பும்போது சென்ஸார் உடைவதும் உண்டு. உள்ளே சென்ஸார் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சக்கர வேகத்தை வைத்துக் கணிக்கும் வண்டிகளில் மினுக்கல் இல்லாமலே வீண் எச்சரிக்கை வரும். காற்றுப் பிடித்தபின் செட் பட்டனை அழுத்தாதது, மூன்று பழைய டயரோடு ஒரு புது டயர் போட்டது, இவைதான் பெரும்பாலும்.

வேண்டுமென்றே பொய் சொல்ல வைக்கவும் முடியும் என்று 2010-ல் நிரூபித்தார்கள். ரட்கர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓடும் காருக்கு இன்னொரு காரிலிருந்து போலிச் செய்தி அனுப்பி, அந்த விளக்கை எரிய வைத்தார்கள். செய்தி யாரிடமிருந்து வருகிறது என்று வண்டி சரிபார்க்கவே இல்லையாம். நம் கணினித் துறை மாணவர்கள் இந்த ஆய்வைத் தேடிப் படிக்கலாம்.

நம் நாட்டுக்கு வருவோம். ஸ்டெப்னி என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல் வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904-ல் அங்கே ஒரு கம்பெனி உதிரிச் சக்கரம் விற்க ஆரம்பித்தது. பேர் நம் ஊரில் தங்கிவிட்டது. 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தி, டியூப்லெஸ் டயர், பஞ்சர் ஒட்டும் பெட்டி, காற்றழுத்தக் கண்காணிப்பு மூன்றும் இருந்தால் மூன்றரை டன் வரை உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்றது. பர்லியாரில் எங்களைக் காப்பாற்றிய அந்தச் சக்கரத்தின் இடத்தில் இனி இந்த விளக்கு நிற்கலாம். கிளீனரின் கட்டை இன்னும் சட்டத்துக்குள் வரவில்லை.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நாளில் நாங்கள் ஐவரும் அதே காரில்தான் வந்திருப்போம். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சின்ன கம்ப்ரஸர் ஒன்றும் தனி கேஜ் ஒன்றும் வாங்கிவிட்டான் நண்பன். வீட்டு வாசலிலேயே, விடிவதற்குள், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பார்க்கிறான். பொட்டை அன்றே பிய்த்துவிட்டோம். ஆனால் அந்த இடத்தில் பசை ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. விளக்கு எரிந்தால் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். பெட்ரோல் தொட்டுத் துடைக்கலாம் என்கிறான். பிளாஸ்டிக் வெளுத்துவிடும் என்று நான் தடுத்து வைத்திருக்கிறேன். வேதியியல் துறை நண்பர்கள் யாருக்காவது வேறு வழி தெரிந்தால், தேநீர் இடைவேளையில் தயவுசெய்து எங்களைப் பார்க்கவும்.